பொறுமைக்கு யார் பெயர்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னேரி தாண்டியதும் இளையவள் வெடித்தாள்.

“பொறுமையானவங்க யார்னு எழுதச் சொன்னா, எம் பொண்ணு உங்கள எழுதிக்கீறாக்கா. பெத்தவ நான் இருக்கறப்பவே!”

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இளையவள் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். கட்டுரையும் நற்குணமும் மூத்தவளின் பொறுப்பு.

“ஜெபக் கூட்டத்துல அத்தினி பேர் எதிர்ல அத படிச்சிக் காட்னா. எங்கூட்டுக்காரரு கைதட்றாரு. எனக்கு வயிறு எரியுது.”

“கொழந்த எழுதனதுக்குப் போயி இப்டியா, ஸ்டெல்லா?”

“தப்புந்தவறுமா எழுதியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அம்மாம் நல்லா எழுதிக்கீறா. ஜூன்ல அவள ஸ்கூல்ல போட்டுடப் போறேன்.”

“அவ இன்னா தப்பு பண்ணா?”

“அவ ஒண்ணும் பண்ல. உங்களாண்ட அனுப்ப எனக்குத்தான் மனசு வரல.”

மீஞ்சூர் வந்தது. மூத்தவள் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்தது சாந்தத்தப் பத்தி எழுதணும். பாடத்த உன் ஊட்லயே வெச்சிக்கலாம். நீயே எழுத வையி.”

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எங்கூட்ல வாணாக்கா. கண்ணால பாத்தத மட்டும் எழுதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்துக்கீறீங்க. நான் கத்தறத அப்டியே எழுதிடுவா.”