பிள்ளையின் அளவுக் காவடி

—“நீ பின்னாலை வளைஞ்சு பாலம் போடுறனியோ?” எண்டு டொக்டர் முதல் நாள் கேட்டவரெல்லே, அம்மா? நேற்றுப் பிளாஸ்டர் வெட்டேக்கையும் அதையேதான் கேட்டவர். இனிச் செத்தாலும் போடமாட்டன் எண்டன். சிரிச்சவர்!

—என்ரை முருகா! நெஞ்சிலையிருந்து இடுப்பு மட்டும் கட்டோடை மாதக்கணக்காக் கிடந்த பிள்ளை, நிண்டு துள்ளுது. இஞ்சாருங்கோ, உங்கடை மகளைப் பாருங்கோ!

—பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், நாகேஸ். தோழர் பத்மாசினி, நோகுதோ?

—ஒரு சொட்டும் இல்லை, அப்பா! அடிமுதுகு எலும்பிலை இருந்த வெடிப்பு ஒட்டிப்போச்சாம். முன்னுக்கு வழுக்கின எலும்பு பழைய இடத்துக்குத் திரும்பி வராதாம், ஆனா இன்னும் வழுக்காமல் பாத்தால் போதுமாம். கீரிமலைக் கேணியிலை நீந்தலாமாம்!

—உளுக்கெண்டெல்லோ எண்ணெய் போட்டு உருவினனான். பள்ளிக்கூட டிரில்லுக்கு வளைஞ்சு வளைஞ்சு எலும்பு வெடிக்குமெண்டு ஆர் கண்டது? சரி பிள்ளை, பாவாடையை மாத்து. மேளம் கேக்குது. காவடி அந்தா, சாத்தி வைச்சிருக்கு.

—என்ன காவடி, நாகேஸ்?

—முதுகு சுகப்பட்டால் இவள் காவடி ஆடுவாளெண்டு கந்தசாமியாருக்கு நேந்தனான். இவளின்ரை தோளுக்கு அளவெடுத்து, மயிலிறகு வைச்சுக் கட்டினது.

—நல்ல நேத்தி! எலும்பை ஒட்டித் தந்தவருக்கு, அதைத் திரும்ப உடைச்சுக் காட்டுறது. பின்னாலை வளையாமல் ஆரடியப்பா காவடி ஆடினவன்?

—ஐயோ... நேந்த நேரம் அது மண்டையிலை வரேல்லையே!

—நான் மெல்ல ஆடுறன், அம்மா. வளையமாட்டன். அழாதேங்கோ.

—மேளக்காரர் அடிச்சால் முதுகு உன்னைக் கேட்டோ வளையும்? டொக்டர் என்ன சொன்னவர், தோழர்?

—வளந்து முடியுமட்டும் வளையக்கூடாதாம். திரும்ப வெடிச்சால் ஒப்பரேசனாம், அப்பா.

—அப்ப முருகனுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல? பிள்ளைக்கு ஏலாட்டில் தகப்பன் ஆடினாலும் நேத்தி செல்லும். உங்களைக் கேக்கிறதும் சுவரைக் கேக்கிறதும் ஒண்டு.

—ஓம், சுவர்தான். தாலி கட்டின நாளுக்குப் பிறகு கோயில் வாசல் மிதியாதவன் நான். மே தினத்துக்குச் செங்கொடி பிடிக்கிற தோளிலை காவடியோ? சந்தியிலை தோழர்மார் நிக்கிறாங்கள். ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாங்கள்!

—சரி, விடுங்கோ. பிள்ளை, எடு. நிமிந்து நில். மெல்ல...

—ஓம், அம்மா.

—வேண்டாம்! வை, வை! என்ரை முருகா, எனக்குப் பயமாக் கிடக்கு!

—மேளம் ஒழுங்கைக்குள்ளை வந்திட்டுது, அம்மா... அப்பா? ஏன் சேர்ட்டைக் கழட்டுறியள்? அப்பா, அது என்ரை அளவு! உங்கடை தோளுக்குக் கொள்ளாது!

—இஞ்சாருங்கோ! எங்கை போறியள்? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கோவன்!

—படலை தாண்டிட்டார், அம்மா. காவடி கழுத்திலை இறுகிக்கொண்டு நிக்குது.

—பின் ஒழுங்கையாலை போனால் ஒருத்தரும் காணமாட்டினம். ஓடிப்போய்ச் சொல்லு, பிள்ளை!

—அங்காலை திரும்பேல்லை, அம்மா. தோழர்மார் நிக்கிற சந்தியாலைதான் போறார்.