பலகை பிடிக்கிறவ

கோச்: ...பேச்சை வளர்க்காத, நெட்டை. பன்னெண்டு மணிக்கு டீம் லிஸ்ட்டைக் கதவுல ஒட்டணும். உனக்குப் பலகை பிடிக்க வேற ஆள் பேரைச் சொல்லு.

நெட்டை: அவதான் சார்.

கோச்: அவளைத் தவிர.

நெட்டை: அவளைத் தவிர எனக்கு யாரும் வேணாம்.

கோச்: இந்த சீசனுக்குப் பதினோரு பேர்தான். அவளுக்கு இடமில்ல. அவ்வளவுதான் விஷயம்.

நெட்டை: சரி. அப்ப பலகையே இல்லாம நீந்திக்கிறேன்.

கோச்: ஆயிரத்தைந்நூறு மீட்டர்மா! முப்பது லேப்! பன்னெண்டாவது லேப்புலயே உனக்கு உன் பேர் மறந்துடும், நீ எங்க எண்ணப்போற?

நெட்டை: அதான் சார் நானும் சொல்றேன். இன்னும் எத்தனை லேப் மிச்சம்னு தண்ணிக்குள்ளயே நம்பர் பலகையை விட்டு ஆட்டுவா பாருங்க... தோள் வரைக்கும் நனைஞ்சிருப்பா. மத்தவங்கள்லாம் மேல பிடிச்சுக்கிட்டு எங்கயோ வேடிக்கை பாப்பாங்க.

கோச்: போன வருஷமும் நல்லாத்தான் நனைஞ்சா. மூணு மிச்சம்னு காட்ட வேண்டிய இடத்துல ஒண்ணுன்னு காட்டிட்டா. நீ ஒரு லேப் வந்துட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்ட. இன்னும் ரெண்டு லேப் பாக்கி. அப்ப ரெண்டாவது இடத்துல இருந்த நீ!

நெட்டை: மனுஷங்கன்னா தப்பு வராதா சார்?

கோச்: வரும், வரும். அதுக்குத்தானே அவளுக்குப் ‘பலகை’ன்னு பேரே வெச்சுட்டீங்க.

நெட்டை: நான் வெக்கல. கேன்டீன்காரர்கூட அவகிட்ட, ‘எத்தனை டீன்னு நானே எண்ணிக்கிறேன், நீ எண்ணாதம்மா’ங்கிறார். அவளும் ஈன்னு சிரிச்சுட்டுப் போறா. நானா இருந்தா டீயை அவர் தலையிலயே ஊத்தியிருப்பேன்.

கோச்: நீ ஊத்துவ.

நெட்டை: ஆறு மாசமா காலைல அஞ்சரைக்கு யார் சார் எனக்குக் கதவைத் தட்டுனது? நான் போர்வைக்குள்ளருந்து திட்டுற திட்டெல்லாம் வாங்கிக்கிட்டு, துண்டையும் எடுத்துக்கிட்டு, என்னை இழுத்துட்டு வந்தது யாரு? அவளுக்குன்னு ஒரு ரேஸ்கூடக் கிடையாது. ரிலேல யாருக்காவது ஜலதோஷம் பிடிச்சாத்தான் அவளுக்கு வேலை. எனக்காக நாலு தடவை தண்ணில வேற விழுந்திருக்கா.

கோச்: தெரியும்.

நெட்டை: தெரிஞ்சுமா... ஏன் சார், ஒண்ணு கேக்கலாமா?

கோச்: வேணாம்னா விடவா போற?

நெட்டை: அவ வந்தாலே நீங்க ஏன் விசிலைத் துடைக்க ஆரம்பிச்சுடறீங்க? ஒரு வருஷமா பாக்குறேன். அவ ‘குட் மார்னிங் சார்’ங்கிறா, நீங்க விசிலைத் துடைக்கிறீங்க.

கோச்: ...விசில்ல தண்ணி போயிடுது.

பலகை: சார், உள்ள வரலாமா?

கோச்: ...வாம்மா.

நெட்டை: பாருங்க! விசிலை எடுத்துட்டீங்க!

பலகை: நீ எதுக்குடி இங்க கத்திக்கிட்டு இருக்க? ஷவர் ரூம் வரைக்கும் கேக்குது. சார், பலகையை ஒப்படைச்சுடலாம்னு வந்தேன். எனக்கு இந்த வருஷம் இடமில்லன்னு ஸ்டோர் அண்ணன் சொன்னார். புதுசா வர்றவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க, ஏழாம் நம்பர் அட்டைக்கு வளையம் தளர்ந்திருக்கு. கட்டை விரலால அழுத்திப் பிடிக்கணும்.

கோச்: ம்.

பலகை: அப்புறம், இவளுக்கு இடது பக்கமா காட்டணும். வலது பக்கம் திரும்பவே மாட்டா. கடைசி அஞ்சு லேப்ல பலகையை வேகமா ஆட்டணும். மெதுவா ஆட்டினா இவளும் மெதுவாயிடுவா, சோம்பேறி. அவ்வளவுதான் சார். வரேன்.

நெட்டை: நில்லுடி!

பலகை: எனக்கு கிளாஸ் இருக்கு.

நெட்டை: உனக்கு கிளாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. சார், நான் ஒண்ணு சொல்லணும்.

பலகை: ஏய்... வேணாம்.

நெட்டை: சொல்லத்தான் போறேன்.

பலகை: சார், இவ காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. ஏதாவது உளறுவா, கண்டுக்காதீங்க...

நெட்டை: அன்னிக்குப் பலகை சரியாத்தான் இருந்துச்சு சார். மூணுன்னுதான் காட்டினா. நல்லாப் பாத்தேன். இடது பக்கம், பெருசா, மூணு. அதைப் பாத்தப்பதான் எனக்கு... இன்னும் மூணான்னு இருந்துச்சு. கையைத் தூக்குறேன், கை என்னோடதாவே இல்ல. வந்து சுவரைப் பிடிச்சேன். விடவே முடியல. நானாத்தான் சார் நின்னேன்.

பலகை: போதும் விடு.

நெட்டை: எல்லாரும் என்னையே பாக்குறாங்க. கேப்டன் பாதி ரேஸ்ல நின்னுட்டான்னு சொல்லப்போறாங்க, இனிமே இந்தப் பக்கமே வர முடியாதுன்னு நினைச்சேன். அதுக்குள்ள இவ அந்தக் கோடியிலருந்து ஈரத் தரையில வழுக்கிக்கிட்டு ஓடி வந்து, ‘என் தப்பு, என் தப்பு, ஒண்ணுன்னு காட்டிட்டேன்’னு கத்துறா. நான் வாயைத் திறக்கவே இல்ல. ஒரு வருஷமா திறக்கல.

பலகை: இவ மூஞ்சி வெள்ளைத்தாள் மாதிரி இருந்துச்சு சார். யாராவது ‘ஏம்மா நின்ன’ன்னு கேட்டா அங்கயே உடைஞ்சு போயிடுவான்னு தோணுச்சு. வாயில வந்ததைச் சொன்னேன். அது ஒரு வருஷம் ஓடும்னு யார் கண்டா?

நெட்டை: இவ சொல்லலன்னா நான் மறுநாளே நீச்சலை விட்டிருப்பேன் சார். இன்னிக்குத் தண்ணில இருக்கேன்னா இவளாலதான். இதை இவகிட்டகூட நேரா சொன்னதில்ல. ரொம்ப நன்றிடி.

பலகை: போடி... சார் முன்னாடி அழ வெக்காத.

நெட்டை: சார், இவ பேரைப் போடுங்க. இடமில்லன்னா என் பேரை எடுத்துட்டுப் போடுங்க.

பலகை: லூஸு! நீயே நீந்தலன்னா நான் யாருக்குடி பலகை பிடிக்கிறது?

நெட்டை: சும்மா இரு. சார்... கோவமா?

கோச்: இல்லம்மா.

நெட்டை: கோவம் வரணும் சார். அதுக்கு முந்தின வாரம்தான் ஜுரத்துல கிடந்தேன், நிஜம்தான். ஆனா டாக்டரே நீந்தலாம்னு சொல்லிட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப உடம்பைக் குத்தம் சொல்ல முடியாது. என் மனசுதான் கோழை.

கோச்: அப்படிச் சொல்லாத.

நெட்டை: இல்ல சார், உண்மையைத்தான்...

கோச்: அப்படிச் சொல்லாதன்னேன்ல! ...உட்காருங்க. ரெண்டு பேரும்.

பலகை: சார், நாற்காலி நனைஞ்சுடும்.

கோச்: நனையட்டும். இந்த விசிலை வாங்கி வெச்சுக்கோ, என் கையில இருக்க வேணாம். கேளும்மா நெட்டை, நீ கோழை இல்ல. டாக்டர் சரின்னு சொல்லவே இல்ல. பத்து நாளைக்கு இந்தப் பொண்ணைத் தண்ணில இறக்காதீங்கன்னு எனக்கு போன் பண்ணிச் சொன்னார். மெடல் ஆசைல நான்தான் மறைச்சேன். அன்னிக்குப் பலகைக்குப் பின்னால நாலடி தள்ளி நின்னேன். மூணுதான். நானும் பாத்தேன். நீ நின்னதும் ஏன்னு எல்லாரும் தோண்டுவாங்களே, என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பதான் இந்தப் பொண்ணு ‘என் தப்பு’ன்னு ஓடி வந்தா. எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. ஒரு வருஷமா இவ முகத்தை நேராப் பாக்க முடியல, அதான் லிஸ்ட்லருந்தே எடுத்துட்டேன். பிரின்சிபால்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொல்றேன். அவர் என்னை வெச்சுக்கிட்டாலும் சரி, அனுப்பினாலும் சரி, அதுக்கு முன்னாடி இவ பேரை என் கையால எழுதி ஒட்டிட்டுத்தான் போவேன். அம்மாடி... நீ அன்னிக்குக் காப்பாத்தினது இவளை மட்டும் இல்ல. உனக்கு ரொம்ப நன்றிம்மா. என்னை மன்னிச்சுடு.