அரை டப்பா பல்பொடி

எனக்கு இருப்பது நான்கே பற்கள். அதனால் ஒரு டப்பா பல்பொடி ஒரு வருஷம் வரும். போன மாதம் ஒரே மதியத்தில் அரை டப்பா காலியாகிவிட்டது. நாணயச் சங்கத் தலைவர் அவர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சீனத்தின் கடைசிப் பேரரசர்கள் காலத்து வெள்ளிக் காசு, டிராகன் சுருண்டு கிடக்குமே, அந்த அச்சில் நம் ஊரில் இரண்டுதான். ஒன்று என்னிடம், மற்றது என் சம்பந்தியிடம். அவருடையதில் நூறு வருஷத்துக் கருப்பு, மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடிப் படிந்திருக்கும். என்னுடையது வெறும் கருப்பு. எனக்குப் பொறாமை கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வெளியாருக்கு அவர் காட்டமாட்டார். என்னிடம் மகள் இருந்தாள், அவரிடம் மகன் இருந்தான். பேசி முடித்தேன். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கல்யாணத்தன்றுதான் கேட்டேன்.

ஆறு வருஷமாகியும் காசைக் கையில் தரவில்லை. "தள்ளி நின்னு பாருங்க சம்பந்தி, மூச்சு பட்டா கறை விழும்" என்பார்.

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். வலது கண்ணில் கட்டு. இடது கண் ஏற்கெனவே பெயருக்குத்தான் இருந்தது. துணைக்கு நான் போனேன். "சாவி தலகாணிக்கு அடியில இருக்கு. என் டிராகனை நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். பழைய வெள்ளிக்குக் கருப்புதான் மதிப்பு; அதைத் தேய்ப்பது நமக்குக் கொலைக்குச் சமம். சங்கத்தில் அந்த விதியை எழுதியவனே நான். ஈரத் துணியில் பல்பொடியைத் தொட்டு, வாலில் தொடங்கித் தலை வரைக்கும் நிதானமாகத் தேய்த்தேன்.

"என்ன சத்தம்?" என்றார் கட்டிலிலிருந்து.

"பல் தேய்க்கிறேன்."

"நாலு பல்லுக்கு இவ்வளவு நேரமா?"

மறுநாள் கட்டைப் பிரித்ததும் காசைத்தான் கேட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று பின்னால் நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் கைராசிக்காரர் சம்பந்தி. இத்தனை நாளும் அந்தக் கருப்பு என் கண்ணுலதான் இருந்திருக்கு."

பிறகு என் காசை வாங்கிப் பார்த்தார். "இது இன்னும் கருப்பாவே இருக்கே. போலி. மனசைத் தேத்திக்குங்க."

நம் சங்கத்தில் புரை எடுத்த கண் அவருடையது ஒன்றுதான். அதனால் அவர் சொன்னதே தீர்ப்பு என்று விட்டுவிட்டீர்கள். நாளைய கண்காட்சியில் என் காசுக்கு இடமில்லை என்று கடிதமும் வந்துவிட்டது. ஆகவே, உண்மைக்காக மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தேய்த்தது நான். என் காசு அசல். கண்ணாடிப் பெட்டியில் அதற்கு நடு இடம் வேண்டும்.

தண்டனை எதுவானாலும் சரி. என் மூத்த மகளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், தங்கையிடம் சொல்லிவிடுவாள். சின்னவளுக்கு இப்போதுதான் ஒரு வரன் பார்த்திருக்கிறேன். ரொம்ப நல்ல இடம். பையனை இன்னும் பார்க்கவில்லை. அவன் அப்பாவிடம் இதே டிராகன் போட்ட அரைக் காசு இருக்கிறது, கருப்புக் கலையாமல்.