காரணம் தெரியலையாம்

...அப்புறம் என்ன சார், பதினாலு பக்கம் ரிப்போர்ட்டு. கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. 'காரணம் தெரியவில்லை.' இத எழுதவா அந்த டாக்டரம்மா அத்தன வருஷம் படிச்சாங்க? இதையேதான் என் சம்சாரம் காலேஜுக்குப் போகாமலே ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கா.

உக்காருங்க. ஊதுற டெஸ்ட்டுதான? உங்களுக்கு முன்னால இன்னும் மூணு பேர் இருக்காங்க. பாரத்த நிதானமா எழுதுங்க, நான் பேச்சுக் குடுக்கல... ஊதும்போது டெஸ்ட் எடுக்குற பொண்ணு பக்கத்துல நின்னு, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்கன்னு கத்தும். இருந்தா ஊத மாட்டேனா? அப்புறம் வராந்தால ஆறு நிமிஷம் நடக்க விடுவாங்க. நான் நாலாவது நிமிஷமே ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு நின்னுட்டேன். வேடிக்கை பாக்குறேன்னு சொன்னேன். வெளில என்ன இருக்கு, பக்கத்துக் கட்டடத்துச் சுவரு.

எனக்கா? இருமல்னுதான் சார் வந்தேன். அந்தம்மா முதுகுல குழல வச்சுக் கேட்டாங்க. ஒட்டுற பட்டை வச்ச செருப்பப் பிரிச்சா டர்ருன்னு ஒரு சத்தம் வருமில்ல, அது உள்ள கேக்குதாம். நுரையீரல்ல தழும்பாம். ஃபைப்ரோசிஸாம். மூச்சு இழுத்தா பஞ்சு மாதிரி விரியணுமாம், எனக்கு அடிப்பக்கமெல்லாம் இறுகிப்போய்க் கிடக்குதாம். சரி, எத்தன நாள்ல சரியாகும்னு கேட்டேன். ஆகாதுன்னுட்டாங்க. அப்ப மாத்திரை எதுக்கு? மிச்சம் இருக்குறது சீக்கிரம் இறுகாம இருக்கவாம். போனது போனதுதானாம். வேலைக்குப் போற எடத்துல நான் இப்படிச் சொன்னா எந்த வீட்டுக்காரன் என்னை உள்ள விடுவான்?

புரியாமல்லாம் இல்ல சார். கல்லுத்தூளும் தண்ணியும் கலந்த சேறு வாய்க்கால்ல காஞ்சுபோச்சுன்னு வைங்க. கொத்திப் பாத்தா வாய்க்கால்தான் உடையும், சேறு வராது. அதுதான் இது. வீட்டுல மட்டும் சளி கட்டியிருக்குன்னு சொல்லிவச்சிருக்கேன். அவ ராத்திரி பகல்னு இல்லாம வெந்நீர் வச்சுக் குடுக்குறா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு பாக்குறா. அதுதான் சார் தாங்க முடியல.

தொழில் என்னன்னு அந்தம்மா கேக்காம இல்ல. தூசில வேலை பாத்தீங்களான்னு மூணு தடவ கேட்டாங்க. கடைல மேற்பார்வை, ஏசி ரூம்னு சொன்னேன். பொய்யில்ல. டீ அங்கதான் குடிப்பேன்.

கடை என் மச்சினனோடது. சமையல் மேடைக்குக் கல்லு அறுத்துக் குடுக்குறோம். நான் உள்ளதச் சொன்னா அந்தம்மா எங்கயாவது எழுதிப் போடுவாங்க, நாலு ஆபீசர் வந்து கடையப் பூட்டுவாங்க. அப்புறம் எந்த முகத்த வச்சுட்டு அவன் வீட்டுல போய் உக்காருறது?

நீங்க தொழில்ல என்ன எழுதுனீங்க? 'வியாபாரம்'. நல்லது. என்ன வியாபாரம்? ...சும்மா கேட்டேன். ...கைய ஏன் சார் மடக்குறீங்க? காட்டுங்க. நகத்து இடுக்குல சாம்பல் கோடு. எந்த சோப்புக்கும் போகாது, என் கையப் பாருங்க. ...அண்ணே, நீங்களும் கல்லா?

தண்ணி விட்டுத்தான அறுக்குறீங்க? ...இல்லையா?

எங்க மெஷின்லயும் தண்ணிக்குழாய் இருந்துச்சுண்ணே. மாட்ட வந்தவன் சொல்லிட்டுத்தான் போனான், தண்ணி இல்லாம ஓட்டாதீங்க, தூசி பறக்கும்னு. ஆனா தண்ணி பட்டா பென்சில் கோடு அழியுதே. ஒரு தடவ அப்படித்தான் கோடு அழிஞ்சு, ஒரு வீட்டு மேடைய நாலு விரக்கடை கம்மியா அறுத்துட்டேன். மச்சினன் ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாலும் பரவால்ல. மறுநாள் காலைல முத வேலையா குழாய் வாய்ல துணிய அடச்சேன். பன்னண்டு வருஷம் ஆச்சு. துணி நைஞ்சு போனா நானேதான் புதுசு வைப்பேன். அதுக்கப்புறம் ஒரு கல்லுகூட அளவு தப்புனதில்ல.

காரணம் எனக்குத் தெரியும்ணே. ரிப்போர்ட்டுக்குத்தான் தெரியல.

இப்ப அந்த மெஷின் பக்கம் ஆறு பேரு நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் போன வாரத்துலருந்து இருமுறான். என்கிட்டதான் வந்து சொன்னான். தண்ணி குடிடான்னு அனுப்பிச்சேன்.

...உங்களக் கூப்புடுறாங்க. போங்க. இருங்க, அந்த 'வியாபார'த்த அடிச்சுட்டு, கல்லு அறுக்குறேன்னு எழுதிட்டுப் போங்கண்ணே. உங்களுக்கும் காரணம் தெரியலைன்னு எழுதிருவாங்க. அடிச்சாச்சா? பேனாவ இங்க குடுங்க. என் பாரம் அந்தப் பொண்ணுகிட்டதான் கிடக்கு, கேட்டு வாங்கித் திருத்தணும்.

அதுக்கு முன்னால கடைக்கு ஒரு போன். துணிய உருவச் சொல்லணும். எந்தத் துணின்னு கேப்பானுங்க. அது குழாயோட சேந்தே வந்ததுன்னுதான் அவனுங்க நெனச்சுட்டிருக்கானுங்க.