ஏழு மாதம் டோனி

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்தவர் தன் நண்பரிடம் சொன்னார்: "ஏழு மாசம் நான் டோனி, மச்சான்."

"டோனியோ? தருமலிங்கத்தை ஆரடா டோனி எண்டது?"

"ரொக் பாண்ட் ஒண்டில ட்ரம்ஸ் அடிச்சனான். ஹோட்டல் மேடைக்குத் தருமலிங்கம் எடுபடாதெண்டு சிங்களப் பெடியள் வைச்ச பேர். அப்ப தலைமயிர் தோள்வரைக்கும்."

நண்பர் அவருடைய வழுக்கையைப் பார்த்துச் சிரித்தார். "பிறகேன் விட்டனி?"

"சண்டைக் காலத்தில ஒருநாள் ஷோவுக்குப் போகேக்க, செக்பொயின்ற்றில ஆமிக்காரர் எங்கட வானை மறிச்சிட்டாங்கள். ட்ரம்ஸ் தூக்கித்தர அண்ணையும் வந்தவர். யாழ்ப்பாணத்தால வந்து ஒரு கிழமைதான், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஆமிக்காரன் என்னட்டை, இவன் ஆர் எண்டு கேட்டான்."

"அண்ணை எண்டு சொன்னனிதானே?"

"சாமான் தூக்க றோட்டில பிடிச்ச ஆள், எனக்குத் தெரியாது எண்டு சிங்களத்தில சொன்னனான். அவரை இறக்கிக் கொண்டு போட்டாங்கள். நான் போய் ஷோ முழுக்க அடிச்சனான். சனம் கைதட்டினது."

நண்பர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்தால அவரை விட்டவங்கள். நான் பிறகு குச்சியைத் தொடேல்லை. அவர் இப்பவும் எல்லாருக்கும் சொல்லுறார், தம்பி எனக்காக ஆமியோட எவ்வளவு கதைச்சவன் எண்டு."

"இண்டைக்கு அவரைக் காணேக்கையாவது உண்மையைச் சொல்லன்."

"சொல்லத்தான் போறன்."

வெள்ளவத்தையில் இருவரும் இறங்கினார்கள். தரிப்பில் காத்திருந்த அண்ணன், "பாரமாயிருக்கும் தம்பி, இஞ்சை தா" என்று தருமலிங்கத்தின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். தருமலிங்கம் வெறுங்கையோடு அவருக்குப் பின்னால் நடந்தார்.