பொத்தைக்காட்டு இரும்பு

ஹலோ... ஹலோ, மதுரையா... அத்தானா பேசுதிய? நாந்தான், ஒங்க தம்பி பொண்டாட்டி பூமாரி. சங்கரன்கோவில் போஸ்டாபீசுல இருந்து பேசுதேன்... இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஆமா... ஆமா, பத்திரம் வந்து சேந்துட்டு. பொத்தைக்காடு, அந்தப் பாறைமேடு, இனி ஒங்களுக்கு; கெணத்துத் தோட்டம் எனக்கு. சனிக்கிழமையே தோட்டத்துல ஏர் எறக்கிட்டேன்... என்ன அவசரமா? ஏழு வருசம் பொறுத்தாச்சு அத்தான்.

ஜீப்பா... பொத்தைக்காட்டுல இரும்பு தேட வந்த சர்க்கார் ஜீப்புதான, அது இப்பம் அங்கன நிக்கல... கேளுங்க. காலையிலேயே கூடாரத்தப் பிரிச்சுட்டாவ. துளை போடுத மிஷினும் லாரியில ஏறிட்டு... வேற பக்கம் தோண்டப் போகல, அவிய ஊருக்கே போயிட்டாவ.

சரிதான், பாகிஸ்தான் சண்டை நடக்கு, சர்க்காருக்கு இரும்பு வேணும். அதுக்காவ வெறுங்கல்லையா உருக்குவாவ?... ஆமா, காந்தத்துல ஒட்டுச்சு, நீங்களும் பாத்திய. ஒட்டத்தான் செய்யும். மேலாக்க ஒரு முழம் கறுப்புக்கல்லு, அடியில பூரா வெள்ளைப்பாறையாம். ஆபீசர் சொன்னாரு... எப்பமா? போன செவ்வாக்கிழமை. அவியளுக்குச் சோறு பொங்கிப் போட்டது நான்லா. சாப்ட்டுக் கை கழுவும்போது சொன்னாரு.

ஆமா, வியாழக்கிழமைதான் பதிஞ்சோம்... தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஏமாத்துனனா... மாத்திக்கிடுவோம்னு நானா கேட்டேன்? நாலு தடவ பஸ் ஏறி வந்து வாசல்ல நின்னது யாரு?... மரியாதையாத்தான் பேசுதேன்.

ரிஜிஸ்தர் ஆபீசுல நான் கையெழுத்துப் போடவும் ஒங்க மூஞ்சி ஏன் கறுத்துச்சு? இவளுக்கு எழுத்து தெரியுமான்னுதான? பாகம் பிரிக்கையில, இசக்கியம்மன் முன்னால நீங்க சீட்டு எழுதும்போது வெளக்கு புடிச்சது நான். கல்யாணமாகி எட்டாம் நாளு. ரெண்டு சீட்டுலயும் பொத்தைக்காடுன்னே எழுதினிய... சத்தம் போடாதிய. ஒங்க தம்பி ஒண்ணை எடுத்தாக. மத்தத, சாமி சீட்டு கீழ விழப்படாதுன்னு சொல்லி வாயில போட்டு மென்னிய. தோட்டம் ஒங்களுக்குன்னு ஆயிட்டு.

அன்னைக்கு எனக்கு வாயெழும்பல. அத நெனச்சு நெனச்சு வெந்துட்டேன். பொறவு அவுகட்ட சொன்னதுக்கு, எங்க அண்ணன் அப்படிச் செய்யுமான்னு என்னை அடிச்சாக. அந்தப் பாறையில தண்ணிக்குத் தோண்டித் தோண்டியே நெஞ்சடைச்சுச் செத்தாக... அழுதியளா? அவுக செத்தப்போ வராத அழுக.

என்னது, திருப்பி மாத்தணுமா... கால்ல விழுதியளா, போன்லயா?

யாரு, எக்சேஞ்சு அம்மாவா... மூணு நிமிஷம் ஆயிட்டா? வேண்டாம், இன்னொரு மூணு நிமிஷம் வேண்டாம்.

அத்தான், இருக்கியளா... பத்திரம் ஒங்க கையிலதான இருக்கு? அதையும் வாயில போட்டு மென்னுருங்க. ஒங்களுக்குப் பழக்கந்தான... வைக்கேன்.