ஏழாவது நரம்பு

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கணப்புச் சட்டியை நடுவில் தள்ளுங்க. கம்பளியைக் காலோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்க. இன்றைக்கு ஒன்று சொல்கிறேன். பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது. போனால் தனியாகத்தான் போக வேண்டும், ஆமாம்.

இது என் சிநேகிதி மரகதத்தின் அக்காள் மகள் லீலாவதிக்கு நடந்தது. ஊட்டியில் டெலிவிஷன் பெட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலம்.

மார்கழி மாதம். சாயங்காலம் ஆறரை. சோலூர்ப் பக்கமிருந்து ஊட்டிக்கு வரும் பஸ். லீலாவதி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். வீடு காந்தலில். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பின புதுசு. கைக்குழந்தை உஷாவை மாமியார் பாப்பம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பால் கட்டி மார்பு கனக்கிறது. எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது. இழுத்துப் பார்த்தாள்... வரவில்லை.

ரோட்டில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் தைல மரம். பனி உள்ளே வந்து மடியில் உட்காருகிறது. ஒரு வளைவில் டிரைவர் கியர் மாற்றினார். கரகரவென்று சத்தம். அப்போது... வலது கன்னத்தில் பளீரென்று ஒரு குளிர். கிளையா, காற்றா, தெரியவில்லை. கூடவே ஒரு வாசனை. ஈர மண்ணும் திரிந்த பாலும் கலந்த வாசனை.

அவ்வளவுதான். பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை, காபி வாயில் நிற்கவில்லை. வலது ஓரமாக வழிந்து சேலையில் கொட்டியது. கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தில் பாதி அவளுடையது. மறு பாதி தொங்கிக் கிடக்கிறது. நெற்றியைச் சுருக்கினால் ஒரு பக்கம்தான் சுருங்குகிறது. வலது கண் மூடவே இல்லை.

“ஐயோ சாமி, பேய் அறைஞ்சிருச்சே!” என்று பாப்பம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

“பேயுமில்ல, பிசாசுமில்லங்கத்தை. நரம்பு!”

டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், தூங்கும்போது இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டச் சொன்னார். லீலாவதி வீட்டுக்கு வந்து, காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தாள்.

“இங்க பாருங்கத்தை. இது மூளை. இங்கிருந்து தலைக்குள்ள பன்னெண்டு ஜோடி நரம்பு கிளம்புது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. இது ஏழாவது. காதுக்குப் பின்னால ஒரு எலும்புச் சந்துக்குள்ள நுழைஞ்சு வந்து, முகத்துல விசிறியாட்டம் விரியுது. வீங்கிச்சுன்னா சந்துக்குள்ளயே நெரிஞ்சு போகும். மூளையோட சேதி கன்னத்துக்கு வராது. அதான் அசையல.”

ஆனால் கண்ணுகளா, உதடு சேர்ந்தால்தானே ‘ப’ வரும், ‘ம’ வரும்? அவள் சொன்னதில் பாதி காற்றாய்ப் போயிற்று. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எச்சில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி சொன்னாள்.

பாப்பம்மாள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். “இத்தன நரம்பு எனக்குந்தான் இருக்குது. ஒண்ணுகூட நெரியலையே? நீ சொன்ன அந்த வளைவுல வந்தவளுக்கு மட்டும் நெரியுமாக்கும்!”

புருஷன் ஹரிதாஸ் ஆபீஸ் குமாஸ்தா. சண்டை என்றாலே வெளியே நழுவச் செருப்பைத் தேடுகிறவன். “லீலா, அம்மா சொல்றாப்பல வேப்பிலையும் அடிச்சுக்க, டாக்டர் மாத்திரையும் போட்டுக்க. ரெண்டுல ஒண்ணு கேக்காமயா போயிரும்?”

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். குழந்தைதான்... அவள் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டது. பெற்றவள் முகம் அதற்கு அடையாளம் தெரியவில்லை. பாப்பம்மாள் சேலைத் தொட்டிலை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பின்னறையில், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டாள். “மொகம் நேராவட்டும். அப்பறம் தூக்கு. பேய் அறைஞ்சவகிட்டப் பச்சப் புள்ளைய விட முடியுமா?” பால் கொடுக்க மட்டும் குழந்தை வரும். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். ராத்திரிக்குப் புட்டிப்பால்.

பேய் இல்லை என்று இவர்களை நம்ப வைத்தால் குழந்தை திரும்பி வரும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நாளெல்லாம் நரம்பு நரம்பு என்று தொண்டை வற்றக் கத்தினாள்.

ராத்திரிதான் வினை.

பிளாஸ்திரி பனியில் நமுத்து உரிந்துவிடும். இடது கண் மூடும். வலது கண் முன்னறை இருட்டைப் பார்த்தபடி திறந்தே கிடக்கும். ஒரு ராத்திரி அந்தக் கண்ணில்... யாரோ கட்டிலைத் தாண்டிப் போனார்கள். பெண்பிள்ளை. முதுகு மட்டும் தெரிந்தது. ஈரச்சேலை தரையில் இழுபடும் சத்தம், வலது காதில் சாக்கு இழுப்பது போலக் கேட்டது. உருவம் பின்னறைக்குள் போயிற்று. தொட்டில் கயிறு கிரீச்... கிரீச்... என்று ஆடத் தொடங்கியது.

லீலாவதி விடவில்லை. தனக்குத் தானே பாடம் நடத்தினாள். கண் காய்ந்திருக்கிறது, மூளை இல்லாததைச் சேர்த்துக் காட்டுகிறது. பெரிய சத்தத்தை அடக்குகிற சின்னத் தசை காதுக்குள் இருக்கிறது, அதுவும் ஏழாவது நரம்பின் ஆள்தான். அது செத்திருந்தால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

மறு ராத்திரி அது மறுபடி போயிற்று. இந்த முறை வாசனை வந்தது. ஈர மண். திரிந்த பால்.

அவள் நடத்திய பாடம் அங்கே நின்றுபோயிற்று. வாசனைக்கு வேறு நரம்பு, கண்ணுகளா. முதலாவது. அதற்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே!

விடிந்ததும் மாமியார் முன்னால் போய் நின்றாள். “அத்தை, நீங்க சொன்னதுதான் நெசம். பேய்தான். அது உங்க ரூமுக்குத்தான் வருது. உஷாவ எங்கிட்டக் குடுத்துருங்க.”

பாப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “ஏம்புள்ள, நான் கத்துனப்ப நரம்புன்ன. படம் போட்டெல்லாம் காட்டுன. இப்பப் புள்ள வேணும்னதும் பேய் வந்துருச்சா? உன்ற நடிப்பு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.”

“ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்க!”

ஹரிதாஸ் செருப்பில் காலை நுழைத்தான். “நரம்புன்னுதான லீலா டாக்டரே சொன்னாரு? ரெஸ்ட் எடு.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நரம்பு என்றபோது பேய் என்றார்கள். பேய் என்றால் நரம்பு என்கிறார்கள்.

அன்று ராத்திரி பாப்பம்மாள் கோபத்தில் பின்னறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். லீலாவதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். வரட்டும், என்னைத் தாண்டித்தானே போக வேண்டும்?

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது... கதவிடுக்கு வழியாக, உள்ளேயிருந்து, அந்த வாசனை.

கிரீச்... கிரீச்...

குழந்தை களுக்கென்று சிரித்தது. அவளிடம் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட குழந்தை.

இரண்டு கையாலும் கதவை இடித்தாள். ஹரிதாஸ் அலறி எழுந்தான். தாழ் விலகியது. பாப்பம்மாள் லாந்தரோடு நின்றாள். லீலாவதியைப் பார்த்தாள். திரும்பி அறைக்குள் பார்த்தாள். லாந்தரை உயர்த்தி லீலாவதியின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“நீ... உள்ளதான இருந்த?”

லீலாவதி அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையை வாரி எடுத்தாள். அது கோணல் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.

பாப்பம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “தெனமும் ராத்திரி வருவயே புள்ள... பெத்தவதானன்னு நானும் தூங்கறாப்பல படுத்துக்குவேன். இன்னிக்குத் தாழ் போட்டுட்டுத்தான் படுத்தேன். கண்ண முழிச்சா, தொட்டில்கிட்ட நிக்கற. எப்புடி வந்தேன்னு கேக்கோணும்னு நெனைச்சேன்... அதுக்குள்ள வெளியிருந்து கதவு இடிபடுது. ராத்திரில உன்ற மொகம் நேரா இருக்கும். ரெண்டு பக்கமும் சிரிப்ப. பகல்ல மட்டும் கோணிக்கிறயேன்னுதான் எனக்கு ஆத்திரம்...”

அதற்கப்புறம் யாரும் குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கவில்லை. அந்த வாசனையும் வரவில்லை. பங்குனி பிறந்தபோது நரம்பு தேறி, முகம் நேரானது. அன்று காலை லீலாவதி உஷாவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு உதடும் சேர, “பாப்பா” என்று கூப்பிட்டுச் சிரித்தாள்.

குழந்தை அந்த முகத்தைக் கண்டதும் துள்ளியது. நெடுநாளாய்க் காத்திருந்தவரைக் கண்டது போல இரண்டு கையையும் நீட்டித் தாவி வந்தது.

லீலாவதி தூக்கிக்கொண்டாள். ஆனால் குழந்தை அவளை யாரென்று நினைத்துக்கொண்டு தாவியது... அது மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

சரி கண்ணுகளா, கைகோத்துக்கொண்டு பத்திரமாகப் போங்க. உங்க வீட்டுத் தொட்டிலெல்லாம் உங்க கையாலேயே ஆடட்டும். உங்க குழந்தைங்க உங்களைப் பார்த்தே சிரிக்கட்டும்.